நியாண்டர்தால்கள் வடக்கே பிழைத்திருந்தால்...

1856ஆம் வருடம். ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளிகள் ஒரு குகையிலிருந்து சில எலும்புகளை எடுத்து வெளியே போட்டார்கள். ஏதோ கரடி எலும்பு என்று நினைப்பு. உள்ளூர் பள்ளி வாத்தியார் ஃபூல்ராட்தான் அது ஒரு பழங்கால மனிதனுடையது என்று கண்டுபிடித்தார். பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேயர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 1814ல் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு வந்த ரஷ்யப் படையின் கோசாக் வீரன் ஒருவன் குகைக்குள் ஒதுங்கிச் செத்திருக்கிறான், கால் எலும்பு வளைந்திருப்பது குதிரைச் சவாரியால் என்று சொல்லிவிட்டார்!

மேயர் சொன்னது தப்பு. ஆனால் நியாண்டர்தால்களும் கோசாக்குகளும் நிஜமாகவே நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சும்மா கற்பனைதான். ஆனால் இந்தக் கற்பனை ஆரம்பிக்க ஒரு நிஜமான இடம் இருக்கிறது.

ரஷ்யாவில் உரால் மலைக்கு மேற்கே, பெச்சோரா நதிக்கரையில் பிசோவயா என்று ஒரு இடம். ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கம். அங்கே மாமத் எலும்புகளோடு 300க்கும் மேற்பட்ட கல் கருவிகள் கிடைத்தன. அவை நியாண்டர்தால்கள் செய்கிற மூஸ்டீரியன் பாணியில் இருக்கின்றன, வயது 31,000 முதல் 34,000 வருடம் என்று லுடோவிக் ஸ்லிமாக் குழுவினர் 2011ல் எழுதினார்கள். நியாண்டர்தால்கள் சுமார் 40,000 வருடங்களுக்கு முன்பே மறைந்துவிட்டார்கள் என்பதுதான் பொதுவான கணக்கு. அப்படியானால் கடைசிக் கூட்டம் ஒன்று வடக்கே ஒதுங்கி இன்னும் சில ஆயிரம் வருடம் இருந்ததா? அங்கே ஒரு மனித எலும்புகூடக் கிடைக்கவில்லை, கருவியை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்று மறுக்கிறவர்களும் உண்டு. நியாயமான மறுப்புதான். இருந்தாலும் ஸ்லிமாக் சொல்வது சரி, அந்தக் கூட்டம் அழியவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

"அவ்வளவு குளிரில் எப்படி?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். வடக்கு அப்படி ஒன்றும் மோசமான ஒளிவிடம் இல்லை. சைபீரியாவுக்கு வடக்கே ராங்கல் தீவில் மாமத்துகள் சுமார் 4,000 வருடங்களுக்கு முன்புவரை இருந்தன. அதாவது எகிப்தில் பெரிய பிரமிடு கட்டி முடித்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, இங்கே மாமத் உலாத்திக்கொண்டிருக்கிறது. கடல் மட்டம் ஏறி தீவு துண்டானபோது அங்கே இருந்தவை அதிகபட்சம் எட்டு என்று 2024ல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. எட்டு பெருகி இருநூறு முந்நூறு ஆகி 6,000 வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது.

நியாண்டர்தால்களுக்குக் குளிரைவிடப் பெரிய பிரச்சனை இரண்டு. ஒன்று, ஊசி. காது வைத்த ஊசி எதுவும் நியாண்டர்தால்களுடையது என்று நிச்சயமாகச் சொல்லும்படி கிடைத்ததில்லை. ஆனால் சுமார் 32,000 வருடங்களுக்கு முன் சைபீரியாவின் யானா நதிக்கரையில், 71 டிகிரி வடக்கில் வாழ்ந்த நம் ஆட்களிடம் ஊசி இருந்தது. துருவக் குளிரில் காற்றுப் புகாமல் தைத்த உடைதான் உயிர். இரண்டாவது, கொள்வினை கொடுப்பினை. அல்தாய் மலையின் சாகிர்ஸ்கயா குகையில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்ததில் (2022) ஒரு அப்பாவும் அவருடைய டீன்ஏஜ் மகளும் அடையாளம் தெரிந்தார்கள். பத்து இருபது பேர்தான் ஒரு கூட்டம். பெண்கள் வேறு கூட்டத்துக்குப் போய் வாழ்ந்திருக்கிறார்கள். அப்படிப் போவதற்கு இன்னொரு கூட்டம் இல்லையென்றால் கதை முடிந்தது.

ஆகவே கற்பனை வரலாற்றில் அவர்கள் தனியாகப் பிழைக்க முடியாது. பக்கத்தில் வந்த சேப்பியன்ஸிடம் ஊசியையும் வாங்கியிருக்கவேண்டும், பெண்ணையும் எடுத்திருக்கவேண்டும். பனிக்காலம் முடிந்து மாமத்துகள் போனபின் கலைமான்களின் பின்னாலேயே நடந்து, கடைசியில் டைமிர் தீபகற்பத்தில் போய் நிற்கிறார்கள். ஆசியாக் கண்டத்தின் வடக்கு நுனி. அதற்குமேல் போக நிலம் கிடையாது. ஓர் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். குட்டையான கட்டுமஸ்தான உடம்பு, கண்ணுக்குமேல் திண்ணை மாதிரி புருவ எலும்பு, பெரிய மூக்கு. பேச்சு? இஸ்ரேலின் கெபாரா குகையில் 1983ல் கிடைத்த நியாண்டர்தால் நாவடி எலும்பு நம்முடையதைப் போலவே இருக்கிறது. எனவே பேசுகிறார்கள், அக்கம்பக்கத்துப் பழங்குடிகளோடு பண்டமாற்று செய்கிறார்கள்.

இனிதான் ரஷ்யர்கள் வருகிறார்கள்.

அவர்கள் எந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பதற்கு நிஜ வரலாற்றிலேயே சாட்சி உண்டு. கிழக்கு நாட்டின் அறியாத மனிதர்களைப் பற்றி 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஷ்ய மொழியில் எழுதப்பட்ட ஒரு சுவடி இருக்கிறது. உராலுக்கு அப்பால் இருக்கிறவர்களில் ஒரு சாராருக்கு உச்சந்தலையில் வாயாம். இன்னொரு சாராருக்கு இடுப்புவரை ரோமமாம். வேறு சிலர் குளிர்காலத்தில் இரண்டு மாதம் செத்துப்போய் பிறகு எழுந்து வருவார்களாம். இதெல்லாம் நம்மைப் போன்ற சாதாரண சேப்பியன்ஸ் பற்றி எழுதியது! நிஜ நியாண்டர்தாலைப் பார்த்திருந்தால் சுவடி எழுதியவர் பெரிதாக ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார். "இவ்வளவுதானா?" என்று ஏமாந்திருப்பார்.

1582ல் எர்மாக்கின் கோசாக்குகள் சைபீரியக் கான் ஆட்சியின் தலைநகரைப் பிடிக்கிறார்கள். அடுத்த இருபது வருடத்துக்குள் டாஸ் நதிக்கரையில் மங்கசேயா என்கிற ரோம வியாபார ஊர் எழும்பிவிடுகிறது. தேடி வந்த சரக்கு சேபிள் தோல். கீரி மாதிரி இருக்கும் சின்ன மிருகம், ஐரோப்பாவில் நல்ல விலை. அதை வசூலிக்கிற முறைக்குப் பெயர் யசாக். ஒவ்வொரு ஊர் ஆண்பிள்ளைகளின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், தலைக்கு இத்தனை தோல் என்று கணக்கு. சேபிள் இல்லாத இடத்தில் வேறு தோல். ஒழுங்காக வந்து சேரவேண்டும் என்பதற்காக ஊர்ப் பெரியவர்களையோ அவர்கள் பிள்ளைகளையோ கோட்டைக்குள் பணயமாக வைத்துக்கொள்வார்கள்.

டைமிருக்கும் இந்த நோட்டு வந்தது, 17ஆம் நூற்றாண்டில். இங்கேதான் கற்பனை வரலாறு திரும்புகிறது. கோட்டை குமாஸ்தா முன்னால் புருவம் முட்டிய ஒருவன் நிற்கிறான். இவனை எந்தப் பக்கத்தில் எழுதுவது, தோல் கொடுக்கிறவர்கள் பக்கத்திலா, தோல் உரிக்கப்படுகிறவை பக்கத்திலா? குமாஸ்தாவுக்கு உடற்கூறும் தெரியாது, பரிணாமமும் தெரியாது. வருடக் கடைசியில் மாஸ்கோவுக்குக் கணக்கு அனுப்பவேண்டும். மிருகம் என்று எழுதினால் ஒரே ஒரு தோல். மனிதன் என்று எழுதினால் வருடாவருடம் தோல். எழுதிவிடுவான். சர்ச்சிலும் விஞ்ஞானத்திலும் விவாதம் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு வரி வசூல் நோட்டு அவர்களை மனிதர்கள் ஆக்கியிருக்கும். ஞானஸ்நானம் வாங்குகிற பழங்குடிகளுக்குச் சில வருடம் யசாக் தள்ளுபடி என்று மகா பீட்டர் காலத்தில் ஆணை வந்தது. எனவே ஆன்மா உண்டா என்கிற கேள்விக்கும் அதே நோட்டில் ஓர் ஓரத்தில் பதில் கிடைத்துவிடும்.

இது கருணை இல்லை என்று சொல்லவேண்டியதில்லை. 1630களில் சைபீரியாவுக்குள் பெரியம்மை வந்து ஊர் ஊராகக் காலி செய்தது. ஆயிரம் பேர் இருக்கிற ஒரு இனத்துக்கு ஒரே ஒரு குளிர்காலம் போதும். ஆனால் நோட்டில் பெயர் ஏறாதவற்றின் கதி இன்னும் மோசம். 1741ல் பெரிங்கின் கப்பல் கமாண்டர் தீவுகளில் ஒதுங்கியபோது ஸ்டெல்லர் என்கிற இயற்கை ஆராய்ச்சியாளர் ராட்சதக் கடல்பசுவைப் பார்த்து எழுதிவைத்தார். மாமிசம் ருசியாக இருந்தது. 1768ல் கடைசிக் கடல்பசுவும் போய்விட்டது. இருபத்தேழே வருடம்.

விஞ்ஞானம் வந்தால் காப்பாற்றியிருக்குமா? லின்னேயஸ் 1758ல் உயிரினங்களைப் பட்டியல் போட்டபோது ஹோமோ சேப்பியன்ஸுக்குப் பக்கத்திலேயே ஹோமோ ட்ராக்லோடைட்ஸ் என்று இன்னொன்றையும் சேர்த்திருந்தார். குகையில் வாழ்ந்து இரவில் நடமாடும் மனிதன், எல்லாம் கேள்விப்பட்ட கதை. ஆக நாற்காலி காலியாகத்தான் இருந்தது, டைமிரிலிருந்து ஒருவரைப் பிடித்துவந்து உட்காரவைக்கவேண்டியதுதான் பாக்கி. பிடித்துவந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. 1897ல் ராபர்ட் பியரி கிரீன்லாந்திலிருந்து ஆறு இனூயிட்களை நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவந்தார். நான்கு பேர் சீக்கிரமே நோயில் இறந்தார்கள். கிசுக் என்பவர் இறந்தபோது அவருடைய சின்னப் பையன் மினிக்குக்காகப் பொய்யாக ஒரு அடக்கம் நடத்தி, எலும்பை மியூசியத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அப்பாவின் எலும்பைக் கேட்டுக் கேட்டு மினிக் 1918ல் செத்துப்போனான். அந்த நான்கு பேரும் ஊர் திரும்பி மண்ணுக்குள் போனது 1993ல். கிசுக் சேப்பியன்ஸ்தான், யாருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

2010ல் ஸ்வாந்தே பாபோவின் குழு நியாண்டர்தால் மரபணுவைப் படித்து, ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லோரிடமும் அதில் ஒன்றிரண்டு சதவீதம் இருப்பதைக் காட்டியது. 2022ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கோவிட்டைக் கடுமையாக்குகிற ஒரு மரபணுத் துண்டும் அவர்களிடமிருந்து வந்ததுதான், தெற்காசியாவில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் இருக்கிறது. கற்பனை வரலாற்றில் டைமிர் ஆட்களுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? நானூறு வருடமாக வரி கட்டிக்கொண்டிருக்கிறவர்களிடம் போய் "நீங்கள் எங்கள் சொந்தக்காரர்கள்" என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். கூடவே 1935ல் அதே பகுதியில் நோரில்ஸ்க்கில் கைதிகளை வைத்துத் தோண்ட ஆரம்பித்த நிக்கல் சுரங்கம், சோவியத் காலத்து ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களில் மறந்துபோன மொழி என்று எல்லாவற்றையும் பார்த்திருப்பார்கள்.

டைமிரில் நிஜமாகவே யசாக் கட்டியவர்களின் வம்சம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஙனாசன் என்று பெயர், கலைமான் வேட்டைக்காரர்கள். 2010 கணக்கெடுப்பில் ரஷ்யா முழுக்க அவர்கள் 862 பேர்.