ஏல நிழலில் நலிந்த காடு: ரிவர்ஸ்டன் மலைச்சாரலின் வரலாறு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புரவுக்குச் செல்லும் பாதை ரிவர்ஸ்டனில் மலைமுதுகைக் கடக்கின்றது. ஆங்கிலேயர் நக்கிள்ஸ் எனப் பெயரிட்ட தும்பறை மலைத்தொடரின் வடபாகம் இது. ஓயாத காற்றினால் மலையுச்சியில் மரங்கள் குறுகி, கிளைகள் முறுகி நிற்கின்றன. இங்கு பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி அம்பன் கங்கையைச் சேர்கின்றது. மின்னேரிக் குளமும் பராக்கிரம சமுத்திரமும் அக்கங்கையின் நீரைப் பெறுவன. ஆதலின் இம்மலைக்காட்டின் வரலாறு பொலன்னறுவை வயல்களின் வரலாற்றோடும் பிணைந்ததாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சாரல்களைக் கோப்பித் தோட்டங்கள் பற்றிக்கொண்டன. மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினாலேயே காடுகள் தோட்டங்களாயின. 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் தோன்றியது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் அதனை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், நோய்க்குக் காரணமான பூஞ்சையின் வித்துகள் காற்றினாற் பரவுவதை விளக்கினார். மலைகளை ஒரே பயிரால் மூடியமை அந்நோய்க்கு வழிதிறந்துவிட்டது என்பதும் அவ்வாய்விலிருந்து பெறப்படும் பாடமாகும். தோட்டக்காரர்களோ கோப்பியைக் கைவிட்டுத் தேயிலை என்னும் மற்றொரு தனிப்பயிரை நாடினர்!

இதற்கிடையில், கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டது. மழையையும் நீரூற்றுகளையும் காப்பதே அதன் நோக்கம். அக்காலத்தை நோக்குமிடத்து அது தூரநோக்குடைய செயலேயாம். எனினும் மரத்தை வீழ்த்துவதே காட்டை அழிப்பது என்னும் எண்ணம் அதன் அடியில் இருந்தது.

அவ்வெண்ணத்தின் குறையை வெளிப்படுத்தியது ஏலம். ஏலத்திற்கு நிழல் வேண்டும். ஆகவே பெருமரங்களை வெட்டவேண்டியதில்லை. அவற்றின் கீழுள்ள செடிகளையும் இளங்கன்றுகளையும் அகற்றி, வேண்டிய அளவு வெளிச்சம் விழுமாறு சில மரங்களை மட்டும் கழித்து, ஏலத்தை நட்டனர். காய்களை உலர்த்தும் கொட்டில்களுக்கு விறகும் அதே காட்டிலிருந்து சென்றது. தூரத்தில் நின்று பார்ப்பவனுக்குக் காடு பசுமையாகவே தோன்றும். உள்ளே சென்றவனுக்கோ, விழப்போகும் கிழமரத்தின் இடத்தை நிரப்ப ஒரு கன்றேனும் இல்லாதது புலப்படும். 1998இல் கடல்வெப்பம் மிகுந்தபோது ஹிக்கடுவையின் பவளப்பாறைகளில் நேர்ந்ததும் ஏறக்குறைய இவ்வாறானதே. உயிர்கள் மடிந்தன, அவை கட்டிய சுண்ணக்கூடு உருக்குலையாமல் சிலகாலம் நின்றது. உயரமும் பரப்பும் கண்டு நலத்தை அளப்பவர் இரண்டிடத்தும் ஏமாறுவர்.

இம்மலைத்தொடரின் காலநிலையையும் தாவரங்களையும் பற்றிய டி ரொசய்ரோவின் விரிவான ஆய்வு 1958இல் வெளிவந்தது. பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளரும் இக்காட்டினுள் இறங்கினர். 1985இல் வனத் திணைக்களம் ஏலச்செய்கையைத் தடைசெய்தது. 2000இல் சுமார் 17,500 ஹெக்டயர் பரப்புப் பாதுகாப்பு வனமாகியது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தபோது நக்கிள்ஸும் அதனுள் அடங்கியது. ஏலத்தை நம்பி வாழ்ந்த மலைக்கிராமத்தவர்க்கு அத்தடை வருவாய் இழப்பாகவே வந்தது. மரங்களின் பக்கம் மட்டும் நின்று அவ்வரலாற்றை எழுதுவது நியாயமாகாது.

தடைவந்தவுடன் காடு மீண்டதா? பேராதனை ஆய்வாளரும் அபர்டீன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஏலம் பயிரிட்ட காடுகளின் மண்ணும் மரங்களின் அமைப்பும் இயற்கைக் காட்டினின்றும் வேறுபட்டிருப்பதைக் காட்டியது. இம்மலைக்கே உரிய, இலைபோன்ற மூக்குடைய ஓணானை விஞ்ஞானவுலகு 1861இலேயே அறிந்திருந்தது. கோபோட்டிஸ் தும்பறா என்னும் மற்றோர் ஓணான் தனியினமாக விவரிக்கப்பட்டதோ 2006இல். அதற்கிடைப்பட்ட 145 ஆண்டுகளில் கோப்பியும் தேயிலையும் ஏலமும் இச்சாரல்களில் ஏறிவிட்டன. பெயர் பெறுமுன்பே மறைந்தவை எத்தனையோ! கைவிடப்பட்ட ஏலச்செடிகள் மரநிழலில் தாமாகவே தழைத்து நிற்கின்றன.