துப்புரவு இறால்

மீனின் உடலில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணி, செத்த தோல், சளி ஆகியவற்றைப் பொறுக்கித் தின்னும் கடல் இறால்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் துப்புரவு இறால். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து மீன்தொட்டிக் கடைகளில் ‘க்ளீனர் ஷ்ரிம்ப்’ என்றுதான் கேட்க வேண்டும். வெறுமனே இறால் என்றால் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள்.

கடல்நீர்த் தொட்டிகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது லிஸ்மாட்டா அம்போய்னென்சிஸ் என்ற இனம். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம், மஞ்சள் படிந்த உடல், முதுகில் இரண்டு சிவப்புப் பட்டைகள், அவற்றின் நடுவே தலை முதல் வால் வரை ஒரு வெள்ளைக் கோடு. தலையிலிருந்து நீளும் வெள்ளை உணர்கொம்புகள் உடலைவிட நீளமானவை. இரத்தச் சிவப்பில் வெண்புள்ளிகளோடு இருப்பது லிஸ்மாட்டா டெபெலியஸ்; இலங்கைக் கடலிலிருந்தும் வணிகத்துக்கு வருகிறது. சிவப்பு வெள்ளை வளையங்கள் போட்ட ஸ்டெனோபஸ் ஹிஸ்பிடஸும் துப்புரவுக்காரன்தான். ஆனால் சண்டைக்காரன். ஜோடி சேராத இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும்.

தொட்டியில் இந்த உறவைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இறால் ஒரு கல்லின் நுனியில் நின்று உணர்கொம்புகளை வீசும். பக்கவாட்டில் உடலை ஆட்டும். சர்ஜன் மீன் ஒன்று அருகில் வந்து சட்டென நிற்கும். துடுப்புகளை விரித்து, உடலைச் சாய்த்து, சில வேளை தலைகீழாகத் தொங்குவதுபோல அசையாமல் கிடக்கும். இறால் முதலில் கொம்பால் தொட்டுப் பார்க்கும். பிறகு மீன்மேல் ஏறி, சிறு இடுக்கிகளால் செதில்களின் ஓரம், செவுள் மூடியின் அடி, வாயின் உட்புறம் என்று கொத்திக்கொண்டே போகும். போதும் என்றால் மீன் உடலை ஒரு குலுக்குக் குலுக்கும், இறால் இறங்கிவிடும்.

இந்த வழக்கத்தை உலகறியச் செய்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கடலியலாளர் கான்ராட் லிம்பா. 1960-இல் பிரான்சில் நீருக்கடிக் குகை ஒன்றில் மூழ்கும்போது அவர் இறந்துபோனார். துப்புரவு உறவைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை அடுத்த ஆண்டு ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் வந்தது. பின்னாளில் தெரியவந்த ஒரு வேடிக்கை: இவ்வளவு பளிச்சென்ற நிறங்களைச் சுமக்கும் இந்த இறால்களுக்கு நிறம் பிரித்தறியும் பார்வை கிடையாது. உருவமும் மங்கலாகத்தான் தெரியும். கரீபியக் கடலின் பெடர்சன் இறாலை ஆராய்ந்தவர்கள், துப்புரவு வேண்டி வரும் மீன் தன் உடலைக் கருக்கிக் காட்டுவதையும், அதைக் கண்ட பிறகே பெரும்பாலும் இறால் நெருங்குவதையும் 2018-இல் பதிவு செய்தார்கள்.

கொங்குநாட்டில் ‘உப்புத்தண்ணி’ என்றால் கடல்நீர் அல்ல, போர்வெல் தண்ணீர். வீட்டுக்கு வீடு உப்புத்தண்ணிக் குழாய் ஒன்று, நல்லதண்ணிக் குழாய் ஒன்று என்று பழகிய ஊரில் இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவது நல்லது. போர்வெல் தண்ணீரின் உப்பு வேறு, கடலின் உப்பு வேறு. கடல்நீர்த் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரைக்கிறார்கள். 200 லிட்டர் தொட்டிக்கு ஏறத்தாழ 7 கிலோ. கோவைக் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் மென்மையானதுதான், ஆனால் குளோரின் கலந்து வருவதால் அப்படியே ஊற்றக்கூடாது. வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஏப்ரலில் 35 டிகிரியைத் தாண்டும் ஊரில் அதற்குச் சில்லர் இல்லாமல் முடியாது.

இந்த இறாலை வாங்குபவர்களில் பலர் மருந்தாக நினைத்தே வாங்குகிறார்கள். அது தவறு. கடல்மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. (நாகப்பட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளைச் சாய்த்த வெள்ளைப்புள்ளி வைரஸ் முற்றிலும் வேறு.) அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு மேலே உட்காராமல் உள்ளே புதைந்து வளரும். பிறகு உதிர்ந்து மணலிலும் கல்லிலும் கூடு கட்டி, உள்ளுக்குள் பல்கிப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி வரும். தோலுக்கு மேலே கொத்தும் இறால் புதைந்திருப்பதை எட்டாது. அப்படியென்றால் இறாலால் பயனே இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லிஸ்மாட்டா விட்டாட்டா என்ற இனத்தைக் களவா மீன்களோடு விட்டுப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தோலின் மேல் ஒட்டும் தட்டைப்புழுக்களும் கடல் அட்டையும் குறைந்தன. அந்த அட்டையின் அறிவியல் பெயரிலேயே இலங்கையின் அறுகம்குடா இருக்கிறது: சைலனிகோப்டெல்லா அருகமென்சிஸ். மேலே ஒட்டும் பூச்சிக்கு இறால் உதவும், உள்ளே புதையும் நோய்க்கு உதவாது. புது மீனைத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றுவதற்கு ஈடாக எந்த இறாலும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளைப்புள்ளிக்குக் கடையில் தரும் மருந்துகளில் பல செம்பு கலந்தவை. மீன் தாங்கும் அளவே இறாலைக் கொன்றுவிடும். செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று இங்கே பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். ஆவியாகிக் குறைந்த தொட்டியை நிரப்ப அந்தக் குடத்திலிருந்து எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

வேலைக்காரன் என்பதால் எல்லா மீனும் விட்டுவைப்பதில்லை. கிளாத்தி, சிங்கமீன், களவா போன்றவை பசித்தால் தின்றுவிடும். புதிதாக விடும்போது கடைத் தண்ணீரிலிருந்து தொட்டித் தண்ணீருக்குச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் பழக்க வேண்டும். உப்பளவு திடீரென மாறினால் இறால் தாங்காது. சில வாரங்களுக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். கொம்பு, கால், வால் எல்லாம் அப்படியே இருக்கும் வெற்று ஓட்டைக் கல்லிடுக்கில் கண்டு, இறால் செத்துவிட்டது என்று கடைக்குப் போன் போடாத புதியவர் குறைவு. ஓடு புதிதாக இறுகும்வரை அது ஒளிந்துதான் இருக்கும்.

வெளிநாட்டுப் படங்களில் இந்த இறால் உயிருள்ள பவளத்தின் மேல் நிற்கும். இந்தியாவில் பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் அதைக் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. செயற்கைக் கல்லே போதும். இறாலுக்கு வேண்டியது ஒளிய ஓர் இடுக்கும் நிற்க ஒரு நுனியும்தான்.

லிஸ்மாட்டா இறால் முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு ஆணும் பெண்ணுமாக ஒரே உடலில் இயங்கும். ஆகவே எந்த இரண்டை வாங்கினாலும் ஜோடிதான். வயிற்றடியில் பச்சை முட்டைகள் அடிக்கடி தெரியும். ஆனால் குஞ்சு வளர்ந்து இறாலாக மாதக்கணக்கில் ஆகும் என்பதால் செயற்கை வளர்ப்பு இன்னும் கடினம். லட்சத்தீவின் அகத்தியில் தேசிய மீன் மரபணு வளப் பணியகம் தோர் ஹைனானென்சிஸ், அன்சைலோகாரிஸ் பிரெவிகார்பாலிஸ் என்ற வேறு இரண்டு அலங்கார இறால்களை வளர்த்துத் தீவுப் பெண்களிடம் கொடுத்து வருகிறது. அம்போய்னென்சிஸைப் பொறுத்தவரை கடைக்கு வருவது பெரும்பாலும் கடலில் பிடித்ததே. வீட்டுத் தொட்டியில் முட்டை இரவில் பொரியும். பொரித்த குஞ்சுகளை, அன்று பகலில் அதே இறாலிடம் உடம்பைக் காட்டி நின்ற மீன்கள் தின்றுவிடும்.