உழவு இயந்திரத்தில் ஒயில் கசிகிறதா? இரண்டாகப் பிரிக்க முன்னர் டெப்பட் கவரைப் பாருங்கள்

பெரும்போக அறுவடை நெருங்கும் நேரத்தில் உழவு இயந்திரத்தின் அடியில், கிளட்ச் இருக்கும் பகுதியிலிருந்து கறுப்பு ஒயில் சொட்டத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது "பின் ஒயில் சீல் போய்விட்டது" என்பதுதான். அந்த சீலை மாற்றுவதற்கு இயந்திரத்தை நடுவால் இரண்டாகப் பிரித்து, கிளட்சையும் பிளைவீலையும் கழற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் அது பல நாள் வருமானத்தை விழுங்கும் வேலை.

ஆனால் அதே சொட்டு, என்ஜினின் உச்சியில் இருக்கும் ஒரு மெல்லிய பக்கிங்கிலிருந்தும் வரலாம். கராஜ்களில் டெப்பட் கவர் பக்கிங் என்றும், உதிரிப்பாகப் பட்டியல்களில் ரொக்கர் கவர் கஸ்கட் என்றும் சொல்லப்படுவது அதுதான். அங்கு கசியும் ஒயில் என்ஜினின் பக்கவாட்டால் வழிகிறது. முன்னால் சுழலும் காற்றாடி ரேடியேட்டரூடாக இழுக்கும் காற்றைப் பின்னோக்கித் தள்ளுவதால், வழியும் ஒயிலும் பின்னோக்கிப் போய் கிளட்ச் பகுதியின் அடியில் சொட்டுகிறது. சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் இன்னொன்று.

2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர் உதிரிப்பாகமும் கூலியும் எந்த அளவுக்கு ஏறின என்பது இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பழைய என்ஜின்களை இன்னும் பல போகங்களுக்கு ஓட்டவேண்டிய நிலையில், எது சிறிய வேலை, எது பெரிய வேலை என்று பிரித்தறிவது அவசியமாகிறது.

மேல்மூடிக்குள் என்ன நடக்கிறது?

நமது வயல்களில் அதிகம் காணப்படும் மெசி பேர்குசன் வகையை எடுத்துக்கொள்வோம். 1964 இல் அறிமுகமான 135 இலும் பின்னர் வந்த 240 இலும் இருப்பது பேர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின். அதன் பெயரிலுள்ள 152 என்ற எண் கனஅங்குலக் கொள்ளளவைக் குறிக்கிறது, ஏறத்தாழ 2.5 லீற்றர். சென்னையில் டாஃபே நிறுவனம் தயாரிக்கும் மெசி பேர்குசன்களில் உள்ள சிம்ப்சன் என்ஜின்களும் இதே மரபில் வந்தவை.

இவற்றின் ஹெட்டின் மேல், வால்வுகளை அமுக்கித் திறக்கும் ரொக்கர் கைகள் வரிசையாக இருக்கின்றன. கீழிருந்து ஏறிவரும் ஒயில் அவற்றை நனைத்துவிட்டு, துவாரங்களூடாக மீண்டும் சம்பிற்கு இறங்குகிறது. மேலேயுள்ள மூடி அந்த ஒயில் தெறிக்காமலும் தூசி உட்புகாமலும் காக்கிறது. ஹெட் பக்கிங்கைப் போல அது எரிவாயுவின் அழுத்தத்தைத் தாங்குவதில்லை. அதனால்தான் கோர்க் அல்லது ரப்பர் பக்கிங் அதற்குப் போதுமாக இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், கசிவைக் கண்டதும் நட்டை மேலும் இறுக்குவது ஏன் தவறு என்பதும் புரியும். மூடி பெரும்பாலும் மெல்லிய தகரம். அளவுக்கு மீறி இறுக்கினால் நட்டுக்குக் கீழே தகரம் குழிவிழும். இரண்டு நட்டுகளுக்கு இடைப்பட்ட விளிம்பு மேலெழும். கோர்க்கும் நசுங்கி வெடிக்கும். இறுக்கிய அன்று நிற்கும் கசிவு, சில நாட்களில் முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பின்னர் மண்ணெண்ணெயும் புறுஷும் கொண்டு வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, முழுமையாகக் காயவிடுங்கள். மூடியின் விளிம்பைச் சுற்றிலும் ஹெட்டின் பக்கங்களிலும் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பதினைந்து, இருபது நிமிடங்கள் இயக்கிப் பாருங்கள். பவுடர் நனைந்து கறுக்கும் மிக உயரமான இடமே கசிவின் தொடக்கம். சுழலும் காற்றாடியிலும் பெல்ட்டிலும் கையோ துணியோ படாமல் கவனியுங்கள்.

ஒயில் ஊற்றும் மூடியின் ரப்பரையும், மூடியைப் பிடிக்கும் நட்டுகளுக்குக் கீழுள்ள சிறு வாஷர்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஈரம் மெல்லியதாகவும் டீசல் மணத்துடனும் இருந்தால், அது இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பும் சிறு குழாயிலிருந்து வருவதாக இருக்கலாம். மேற்பகுதி முழுவதும் காய்ந்திருக்க அடியில் மட்டும் ஒயில் தோன்றினால்தான் பின் சீலைச் சந்தேகிக்கலாம்.

பக்கிங் மாற்றும் முறை

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். திறப்பதற்கு முன்னரே மூடியைச் சுற்றியுள்ள மண்ணையும் வைக்கோல் தூசியையும் அகற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை என்ஜினுக்குள் விழும். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை இடுக்கி நெம்பினால் விளிம்பு வளையும்.

மூடியைக் கழற்றியதும் உள்ளே தெரியும் துவாரங்களைச் சுத்தமான துணிகளால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். பழைய பக்கிங்கை பிளாஸ்ரிக் அல்லது மரத் துண்டால் சுரண்டி எடுத்து, இரு முகங்களையும் தின்னர் தொட்ட துணியால் ஒயில்பசை இல்லாமல் துடையுங்கள். ஒயில் பட்ட முகத்தில் எந்தப் பசையும் ஒட்டாது.

அடுத்து மூடியின் விளிம்பை ஒரு கண்ணாடித் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடங்களில் அது வளைந்திருக்கிறது. நட்டுத் துளைகளைச் சுற்றிக் குழிவிழுந்திருந்தால், தட்டையான இரும்பின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி நேராக்கலாம். இந்த வேலையைத் தவிர்த்தால் புதிய பக்கிங்கும் பழையதைப் போலவே கசியும்.

கோர்க் பக்கிங் என்றால் மூடியின் பக்கம் மட்டும் பக்கிங் பசையை மெல்லியதாகப் பூசி ஒட்டுங்கள். ஹெட்டின் பக்கம் பசை வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது பக்கிங் கிழியாது. கடையில் நெடுநாள் கிடந்து சுருங்கிய கோர்க்கை இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் மீண்டும் அளவுக்கு வரும். ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். பள்ளத்தில் அமரும் ரப்பர் பக்கிங்கிற்குப் பொதுவாகப் பசை தேவையில்லை.

சிலிக்கன் பசையை அள்ளிப் பூசுவது ஆபத்தானது. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது துண்டு துண்டாகப் பிரிந்து சம்பிற்குள் விழுந்து, ஒயில் பம்பின் வடியை அடைத்தால் பெயாரிங்குகளுக்கு ஒயில் கிடைக்காது. சிறு கசிவை நிறுத்தப் போய் என்ஜினையே இழக்க நேரிடும்.

மூடி திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியையும் பீலர் கேஜால் சரிபார்ப்பது இலாபம். மேலே சொன்ன பேர்கின்ஸ் என்ஜினில் அது குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீற்றர், மற்றவற்றுக்கு அந்தந்தக் கைநூலைப் பாருங்கள். ஒயில் இறங்கும் துவாரங்களில் படிந்துள்ள கறுப்புக் கசடையும் கீழே விழுத்தாமல் துடைத்தெடுங்கள்.

வைத்த துணிகளை எண்ணி எடுத்த பின்னர் மூடியைப் பொருத்துங்கள். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகி, பின்னர் நடுவிலிருந்து வெளிநோக்கி இரண்டு மூன்று சுற்றுகளாகச் சமமாக இறுக்குங்கள். பக்கிங்கின் ஓரம் சற்றே பிதுங்கத் தொடங்கும்போது நிறுத்துங்கள். நீளமான ஸ்பனரும் தோள்பலமும் இங்கே தேவையில்லை. என்ஜின் ஒருமுறை சூடாகிக் குளிர்ந்த பின்னர் ஒரேயொரு தடவை சரிபார்த்தால் போதும்.

மறுபடியும் கசிந்தால்

பக்கிங் புதிது, மூடி நேர், இறுக்கமும் அளவானது. ஆனாலும் கசிகிறது என்றால் பிறீதர் குழாயைப் பாருங்கள். பிஸ்டன்களைக் கடந்து சிறிதளவு வாயு கீழே இறங்குவது எந்த என்ஜினிலும் இயல்பு. அது வெளியேறும் வழி பிறீதர்தான். சேறோ கசடோ அதை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான பக்கிங் வழியாக ஒயிலைத் தள்ளும். நீண்டநாள் நிறுத்திவைத்த இயந்திரத்தில் குளவிக்கூடும் அதே வேலையைச் செய்யும்.

பிறீதர் திறந்திருந்தும், குறைந்த வேகத்தில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது புகை வேகமாகத் துடித்துத் துடித்து வந்தால், பிஸ்டன் ரிங்குகளோ சிலிண்டர்களோ தேய்ந்திருக்கலாம். அப்போது எத்தனை பக்கிங் மாற்றினாலும் பயனில்லை. நல்லதொரு மெக்கானிக்கிடம் அழுத்தப் பரிசோதனை செய்விப்பதே வழி. ஒயிலை மேல்கோட்டுக்கு மேலே ஊற்றிவைப்பதும் கசிவைக் கூட்டும் என்பதை மறக்கவேண்டாம்.

"கொஞ்சம் கசிந்தால் கசியட்டும், ஒயில் ஊற்றி ஓட்டலாம்" என்று விடுவதிலும் ஆபத்துண்டு. வழியும் ஒயில் சூடான புகைக்குழாயில் பட்டு, அங்கே வைக்கோல் தூசியும் சேர்ந்திருந்தால் தீப்பிடிக்கலாம். அளவு குறைந்தது தெரியாமல் ஓட்டினால் என்ஜின் இறுகிவிடும்.

கழுவிய மண்ணெண்ணெயையும் கழிவு ஒயிலையும் ஒரு கானில் சேகரித்து, கழிவு ஒயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். சுன்னாகத்தில் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்தபோது எத்தனை குடும்பங்கள் அல்லலுற்றன என்பதைக் கண்டவர்கள் நாம். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ அதை ஊற்றவே கூடாது.

அடுத்த முறை கிளட்ச் பகுதியின் அடியில் ஒயிலைக் கண்டால், இயந்திரத்தைப் பிரிக்கச் சம்மதிப்பதற்கு முன்னர் அதைக் கழுவிப் பவுடர் தூவிப் பார்க்கும்படி கராஜில் கேளுங்கள். அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்காது.