முறையிட வாயில்லாதோர்

வழக்கு என்று ஒன்று எழ வேண்டுமாயின் வாதி ஒருவன் இருக்க வேண்டும். நீதிமன்றத்தின் கதவு முறையிடுவோர்க்கே திறக்கும். ஆனால் பால்குடி மாறாத மகவும், பேச்சுத் திருந்தாத சிறுவனும் எந்த மன்றத்தை நாடிச் செல்வர்? பிறர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு நேரும் தீங்கைப் பெற்றோரே அறியாமற் போவதுண்டு. ஆகவே, குழந்தைகளைப் பேணும் இடங்களைக் கண்காணிக்கும் அரசு, புகார் வரட்டும் என்று காத்திருத்தல் தகாது. இவ்வுண்மையை இஸ்லாமிய ஆட்சி வரலாறு மிகத் தொன்மையிலேயே உணர்ந்திருந்தது என்பதற்குச் சான்றுகள் பல உள.

மதீனாவில் ஓர் இரவு

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம் கி.பி. 634 முதல் 644 வரை. பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் அவர்கள். குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பால் மறந்த பின்னரே அது கிடைக்கும் என்பது தொடக்க கால விதி.

வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவில் வந்து தங்கிய இரவில், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் கலீஃபா காவல் புரிந்தார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. தாயிடம் மும்முறை சென்று கேட்டபின், உண்மை வெளிவந்தது. உதவித்தொகையை விரைந்து பெறுவதற்காகச் சில மாதமே நிறைந்த பிள்ளைக்குப் பாலை நிறுத்த முயன்று கொண்டிருந்தாள் அவள். எதிரே நிற்பவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அன்றைய சுபுஹுத் தொழுகையில் கலீஃபாவின் ஓதல் அழுகையினால் தெளிவாகக் கேட்கவில்லை என்று இப்னு ஸஅத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். குழந்தைகளின் பாலை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், பிறந்த நாள் முதலே பங்கு உண்டு என்று அப்பொழுதே பறை சாற்றப்பட்டது. மாகாணங்களுக்கும் ஆணை பறந்தது.

இந்நிகழ்ச்சியை இரக்கத்திற்கு எடுத்துக்காட்டாக மட்டும் நாம் மேடைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆட்சிக் கலைக்கும் இதில் பாடம் உண்டு. நன்மைக்கென இயற்றிய விதியே குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறித்தது. அத்தாய் எந்த மனுவும் கொடுக்கவில்லை. ஆள்பவர் தாமே நடந்து சென்று கேட்டதனால்தான் குறை தெரிந்தது. தெரிந்த அன்றே திருந்தியது.

முஹ்தஸிபின் கண்

தனி மனிதரின் விழிப்பாக இருந்த இப்பண்பு, பின்னாளில் ‘ஹிஸ்பா’ என்னும் துறையாக உருப்பெற்றது. அதன் அதிகாரி முஹ்தஸிப். நிறைகோலையும் அளவையையும் சோதிப்பவர் என்றே பலரும் அவரை அறிவர். காஜியார் தம்மிடம் வந்த வழக்கையே விசாரிப்பார். முஹ்தஸிபோ முறையீடு எதுவும் வராத நிலையிலும் தலையிடலாம். இவ்வேறுபாட்டைக் கி.பி. 1058-இல் மறைந்த பேரறிஞர் மாவர்தீ தம் ஆட்சியியல் நூலில் தெளிவுபடுத்துகிறார். மருத்துவரோடு ஆசிரியரையும் அவர் இக்கண்காணிப்பின் கீழ்க் கொணர்கிறார். இளமையில் படிந்த வழக்கத்தை வளர்ந்தபின் மாற்றுவது கடினம். ஆதலால் அறிவும் நன்னடத்தையும் உடையவரையே கற்பிக்க விட வேண்டும், குறையுடையவரைத் தடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, முஹ்தஸிபுகளுக்கென எழுதிய கையேட்டில் சிறுவர்களின் ஆசிரியருக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியுள்ளார். பள்ளிவாசலின் தூய்மை கருதி, பாடம் அங்கு நடத்தலாகாது. கடைத்தெருவின் ஓரங்களில் நடத்த வேண்டும். எலும்பை முறிக்கும் தடித்த கோலும், சுளீரென்று வலிக்கும் மெல்லிய கோலும் ஆகா. சிறுவரைத் தம் சொந்த வேலைக்கு ஏவலாகாது; ஆளில்லாத தம் வீட்டிற்கு அனுப்பலாகாது. காலையிலும் மாலையிலும் சிறுவரை அழைத்துச் செல்பவன் நம்பிக்கைக்குரியவனாக, மணமானவனாக இருக்க வேண்டும். அவன் அவர்களோடு தனித்திருக்க நேர்கிறதல்லவா?

இன்று பணியாளரின் பின்னணி விசாரணை என்றும், போக்குவரத்துப் பாதுகாப்பு என்றும் வகுக்கப்படும் விதிகளின் கருத்து எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு இருந்தது. அடியைப் பற்றி இக்காலத்தவர் கொள்ளும் கருத்து வேறு. எனினும் ஆசிரியரின் கைக்கு வரம்பு கட்டியது அக்காலத்தில் சிறிய செயலன்று. கி.பி. 1406-இல் மறைந்த இப்னு கல்தூனும், மாணவரை அளவு மீறி அடிக்கும் ஆசிரியரைத் தடுப்பதை முஹ்தஸிபின் கடமைகளுள் ஒன்றாக எண்ணுகிறார்.

கண்காணிப்பாளரைக் கண்காணிப்பது யார்?

இவையெல்லாம் எழுத்தில் உள்ளவை. ஏட்டில் உள்ளது அப்படியே நாட்டில் நடந்தது என்று கொள்வது வரலாற்று நோக்கு ஆகாது. கெய்ரோவில் தாமே முஹ்தஸிபாகப் பணிபுரிந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸீ, பதவிகள் இலஞ்சத்திற்கு விற்கப்பட்டதே தம் கால எகிப்தின் அழிவுக்குக் காரணம் என மனம் நொந்து எழுதினார். விலை கொடுத்துப் பதவி பெற்றவன் அவ்விலையை எங்கிருந்து மீட்பான்? கண்ணை மூடிக்கொள்வதற்கும் ஒரு கட்டணம் வைப்பான்.

மேலைநாடுகளில் இத்துறைச் சட்டங்கள் சிசுக்களின் பிணங்களின்மீது நடந்தே வந்தன. கூலிக்குக் குழந்தை வளர்ப்போர் வீடுகளில் சிசுக்கள் மடிந்த செய்தி இங்கிலாந்தை உலுக்கியது; அத்தகைய வளர்ப்பாளி ஒருத்தி 1870-இல் தூக்கிலிடப்பட்டாள். அதன் பின்னரே 1872-இல் சட்டம் பிறந்தது. ஒரு வயதிற்குட்பட்ட இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவரை 24 மணி நேரத்திற்கு மேல் கூலிக்கு வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்றது அது. 1896-இல் இன்னொருத்தி தூக்கேறினாள். 1897-இல் வயது வரம்பு ஐந்தாக உயர்ந்தது. பகலில் மட்டும் குழந்தை காக்கும் இடங்களுக்கெனத் தனிப் பதிவுச் சட்டம் வந்தது 1948-இல்தான்.

அயலாரைச் சொல்லி நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. நம் தமிழகத்துக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் நாள், சமையற்கூடத்துத் தீ பள்ளியின் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டு போயிற்று. பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அதன் பின்னரே அரசாணையால் அகற்றப்பட்டன. வழக்கில் தஞ்சை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2014-இல். அந்தக் கீற்று மறைபொருளா? தெருவில் போவோர் யாவர்க்கும் தெரிந்திருந்ததே! அதைக் காண மனு வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்க்கும் ஒரு கண் போதும்.

சட்டம் இயற்றுவது எளிது. இன்று விதிகளுக்குப் பஞ்சமில்லை. விதியைக் கையில் ஏந்தி, அழைப்பு இல்லாமலே போய், அடுப்பையும் கூரையையும் வாயிற்படியையும் பார்த்து வரும் மனிதரே அரியர். நம் ஊர்களில் மழலையரை ஏற்று நடத்தும் மதரஸாக்களும் பள்ளிகளும் அரசு அதிகாரிக்காகக் காத்திராமல், ஜமாஅத்தாரே இப்பணியை மேற்கொள்ளத் தடையேது? குழந்தை முறையிடாது. அதன் அழுகையே அதன் மனு. அதைக் கேட்ட பின்னும் தூங்குவோர், தொழுகையில் அழுத அந்தக் கலீஃபாவின் வழிவந்தோர் என்று எங்ஙனம் சொல்லிக்கொள்வது?