43 வருஷம் கோட்டை விட்ட மருந்து

1/ எமர்ஜென்சியில ஒருத்தருக்கு மூச்சுக்குழாயில டியூப் போடணும்னா தசைகள் தளரணும். அதுக்கு நாங்க பல வருஷமா பயன்படுத்துற மருந்து சக்சினைல்கோலின். ஒரு நிமிஷத்துல வேலை செய்யும், பத்து நிமிஷத்துல அடங்கிடும். இதோட வரலாறு ஒரு குட்டி இழையா.

2/ நரம்பு தசைக்கு உத்தரவு போடுறது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூலமா. ரெண்டு அசிட்டைல்கோலினை முதுகோடு முதுகா ஒட்டினா அதுதான் சக்சினைல்கோலின்.

3/ 1906. அமெரிக்காவில் ஹன்ட், தவோ என்ற இருவர் இதை விலங்குகளில் சோதித்தார்கள். அவங்க பார்க்க நினைச்சது ரத்த அழுத்தத்தை. அதனால விலங்குக்கு முன்னாடியே க்யூராரே கொடுத்திருந்தாங்க. அது தென் அமெரிக்கப் பழங்குடிகளின் அம்பு விஷம், தசையை முடக்கும். ஏற்கெனவே முடங்கின தசையை இந்த மருந்தும் முடக்குதுன்னு எப்படித் தெரியும்? கோட்டை விட்டாங்க!

4/ 1948. லண்டனில் பேட்டனும் ஜைமிஸும் ஒரு கார்பன் சங்கிலியை எடுத்து, ரெண்டு முனையிலும் நேர்மின்னேற்றமுள்ள நைட்ரஜன் வெச்சுப் பார்த்தாங்க. நடுவில் 10 கார்பன் இருந்தா தசை தளருது. 6 ஆக்கினா தசையை விட்டுட்டு ரத்த அழுத்தத்தைக் குறைக்குது! நீளம் மாறினா மருந்தே மாறிடுது.

5/ ஆனா அந்த 10 கார்பன் மருந்தை உடைக்க நம்ம உடம்பில் நொதி இல்லை. 1949இல் ரோமில் டேனியல் போவே குழு சக்சினைல்கோலினின் தசைத் தளர்ச்சியைக் கண்டுபிடித்தது. இதிலும் ரெண்டு நைட்ரஜனுக்கு நடுவில் 10 அணுக்கள்தான். ஆனா அதில் 2 ஆக்சிஜன். அங்க இருக்கிற எஸ்டர் பிணைப்பை ரத்தத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் நொதி வெட்டிடும். மருந்து சீக்கிரம் அடங்குற ரகசியம் இதுதான். போவேக்கு 1957இல் நோபல் பரிசு.

6/ சரி, அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யலைன்னா? பத்து நிமிஷ மருந்து பல மணி நேரம் நிற்கும். அதுவரை தானா மூச்சு விட முடியாது, வென்டிலேட்டர்தான். தென்னிந்தியாவில் வைசிய சமூகத்தினரிடம் இந்தக் குறைபாடு அதிகம்னு ஆய்வுகள் சொல்லுது. அன்றாட வாழ்க்கையில் எந்தத் தொந்தரவும் தராது. அதனால பலருக்கு ஆபரேஷன் டேபிள்லதான் தெரியவரும்.

7/ உங்க குடும்பத்துல யாருக்காவது "ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு வரல, மெஷின்ல வெச்சிருந்தாங்க"ன்னு நடந்திருக்கா? அடுத்த ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. மாற்று மருந்து இருக்கு. நீங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்.