ஒளிந்திருந்த செம்பு

உலகத்தில் மிக அதிகமாகச் செம்பு எடுக்கப்படும் சுரங்கம் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் இருக்கிறது. பெயர் எஸ்கோந்திதா. ஸ்பானிய மொழியில் 'ஒளிந்திருப்பவள்' என்று பொருள். அதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை.

அங்கே இருப்பது போர்ஃபிரி வகைத் தாது. 'போர்ஃபீர்' என்றால் பிரெஞ்சு படித்த எங்களுக்கு நெப்போலியன் சமாதியின் சிவப்புக் கல்தான் ஞாபகம் வரும். (அது உண்மையில் ருஷ்யாவிலிருந்து வந்த குவார்ட்சைட் என்கிறார்கள்.) சுரங்கக்காரர்களுக்கோ போர்ஃபிரி என்றால், ஒரு மலை முழுக்கப் பொடிப்பொடியாகச் செம்பு தூவியிருப்பது. நூறு கிலோ கல்லில் ஒரு கிலோ செம்பு இருந்தாலே நல்ல தாது.

சிக்கல் என்னவென்றால், மேலே பார்த்தால் செம்பே தெரியாது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, பாறையில் இருந்த பைரைட்டோடு சேர்ந்து கந்தக அமிலமாகி, செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விட்டது. நிலத்தடி நீர்மட்டத்தின் அருகே அது மறுபடி படிந்து, தாது இன்னும் செறிவானது. மேலே மிஞ்சியது இரும்புத் துருவின் செந்நிறம். அந்த மண்ணில் செம்பை மட்டும் சோதித்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

ஆனால் செம்போடு கூடவே கொஞ்சம் மாலிப்டினம் இருக்கும். அமிலமும் இரும்பும் உள்ள மண்ணில் அது சுலபத்தில் கரைந்து போகாது, இருந்த இடத்திலேயே தங்கிவிடும். அமெரிக்கப் புவியியலாளர் டேவிட் லோவெலும் சிலி நாட்டு பிரான்சிஸ்கோ ஓர்டிஸும் மண் மாதிரிகளில் அதையும் பார்த்தார்கள். எங்கள் அலுவலகத்தில் கோப்பு காணாமல் போனால் அலமாரியைக் குடைய மாட்டோம், தபால் பதிவேட்டைப் புரட்டுவோம். அந்த மாதிரிதான்! 1981 மார்ச்சில் போர் போட்டபோது கீழே செம்பு இருந்தது.

லோவெலுக்கு இது முதல் வெற்றியும் அல்ல. 1965இல் அரிசோனாவில், சான் மானுவல் சுரங்கத்தைச் சுற்றிப் பாறைகள் வளையம் வளையமாக மாறியிருப்பதில் பாதி வளையத்தைக் காணோம் என்று கவனித்து, நிலப்பிளவில் நகர்ந்துபோன மறுபாதியைப் போர் போட்டுக் கண்டுபிடித்தவர். அதுதான் கலமசூ.

எஸ்கோந்திதாவில் 1990இன் இறுதியில் உற்பத்தி தொடங்கியது. தாதுவை அரைக்கவும் பிரிக்கவும் ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். செம்பைக் கரைத்த அந்த மழை இப்போது அங்கே இல்லை. பல ஆண்டுகள் மலைப்பகுதியின் நிலத்தடி நீரை எடுத்தார்கள், அதனால் வந்த பாதிப்புக்காக வழக்கும் வந்தது. இப்போது கடல்நீரின் உப்பை நீக்கி, 3,000 மீட்டருக்கு மேல் உயரத்துக்குக் குழாயில் ஏற்றுகிறார்கள்.