பத்தாம் பிரிவும் ராஜ்பவனும்: பெங்களூரு சார்க் மாநாடு, 1986

1986 நவம்பர் 16, 17 தேதிகளில் பெங்களூருவில் கூடியது தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பின் இரண்டாவது உச்சிமாநாடு. இந்தியாவின் ராஜீவ் காந்தி, இலங்கையின் ஜெயவர்த்தனே, வங்கதேசத்தின் எர்ஷாத், பாகிஸ்தானின் ஜுனேஜோ, மாலத்தீவின் கையூம், நேபாள, பூட்டான் மன்னர்கள் என ஏழு நாட்டுத் தலைவர்கள் வந்திருந்தார்கள். ஓய்வுச் சந்திப்புக்கு நந்தி மலைக்கும் போனார்கள். மாநாட்டின் கதையைப் பிரகடனத்தை மட்டும் படித்து எழுதினால் பாதிதான் கிடைக்கும்; மீதி, மண்டபத்துக்கு வெளியே நடந்தது.

கதை அப்படிப் பிரிந்துபோனதற்குக் காரணம் சார்க் சாசனத்தின் பத்தாம் பிரிவு. 1980இல் வங்கதேசத்தின் ஜியாவுர் ரஹ்மான் இப்படியோர் அமைப்பு என்ற யோசனையை முன்வைத்தபோதே டெல்லிக்குத் தயக்கம் இருந்தது: அண்டை நாடுகள் எல்லாம் ஒன்றுகூடித் தன் மீது வழக்காடும் மேடையாகிவிடுமோ என்று. பாகிஸ்தானுக்கோ இந்திய ஆதிக்கம் பற்றிய அச்சம். ஆகவே 1985 டிசம்பரில் டாக்காவில் ஏற்கப்பட்ட சாசனம் இரண்டு பூட்டுகளைப் போட்டது. எந்த முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும். இருதரப்புத் தகராறுகளை விவாதத்துக்கு எடுக்கக் கூடாது.

தகராறுகளை விலக்கியபின் பேச எஞ்சியது வறுமை. அதில் பெங்களூரு பிரகடனம் தாராளமாகவே பேசியது. 1990க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி. 2000க்கு முன் அனைவருக்கும் தொடக்கக் கல்வி, தாய்சேய் ஊட்டச்சத்து, பாதுகாப்பான குடிநீர், குடியிருப்பு. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை விரைந்து முடிக்கவும் வலியுறுத்தியது. அந்த உடன்படிக்கை 1989இல்தான் வந்தது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. பணம் எங்கிருந்து வரும் என்பதற்குத்தான் விடை இல்லை.

1988இல் நடைமுறைக்கு வந்த சார்க் உணவுப் பாதுகாப்பு இருப்பு இதற்கு நல்ல சான்று. சுமார் 2 லட்சம் டன் தானியம், பெரும்பங்கு இந்தியாவினுடையது. ஆனால் அவரவர் தானியம் அவரவர் கிடங்கிலேயே கிடந்தது. தேவைப்படும் நாடு விலையையும் கொடுக்கும் முறையையும் மற்ற நாட்டோடு நேரடியாகப் பேசி முடிக்க வேண்டும். வாசலில் தடுக்கப்பட்ட இருதரப்புப் பேச்சு கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. 2007இல் உணவு வங்கி ஒப்பந்தம் வரும்வரை அந்த இருப்பிலிருந்து யாரும் எடுத்ததில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் நிலைமை இதற்கு நேர்மாறு: பிரகடனத்தில் பேச்சு குறைவு, மண்டபத்துக்கு வெளியே செயல் அதிகம். மாநாட்டுக்கு எட்டு நாள் முன்பு, நவம்பர் 8 அன்று, தமிழ்நாட்டுக் காவல்துறை ஈழ இயக்கங்களின் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. பிறகு அந்த இயக்கங்களில் ஒன்றான விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும் ஆலோசகர் பாலசிங்கமும் விமானத்தில் பெங்களூருக்கு அழைத்துவரப்பட்டு ஆளுநர் மாளிகையான ராஜ்பவனில் தங்கவைக்கப்பட்டார்கள். இலங்கையின் கிழக்கு மாகாணத்தைத் தமிழர், சிங்களர், முஸ்லிம்களுக்கென மூன்றாகப் பிரிக்கும் திட்டத்தை இந்திய வெளியுறவு இணையமைச்சர் நட்வர் சிங்கும் இலங்கைக்கான இந்தியத் தூதர் தீட்சித்தும் எடுத்துச் சொன்னார்கள். தமிழ்நாட்டு முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். புலிகள் மறுத்துவிட்டார்கள். ஜெயவர்த்தனேயும் அதே ஊரில்தான் இருந்தார். ஆனால் மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் இலங்கைப் பிரச்சினைக்கு இடமில்லை. பொதுப்படையான கண்டனமாக, பயங்கரவாதம் என்ற பெயரில் மட்டும், அது பிரகடனத்தில் நுழைந்தது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தம் இரு அரசுகளுக்கு இடையிலானது; சார்க்குக்கு அதில் பங்கில்லை. பெங்களூரு கண்டனத்தின் தொடர்ச்சியாக, பயங்கரவாத ஒடுக்கத்துக்கான சார்க் உடன்படிக்கை அதே ஆண்டு நவம்பர் 4 அன்று காத்மாண்டுவில் கையெழுத்தானது. அன்று, கொழும்பு ஒப்பந்தத்தின்படி சென்ற இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் புலிகளோடு போரிடத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.